பெரிய எஸ்யூவி: காலையில் பின்பக்கம் இறங்கி நிற்கிறது, முன்பக்கம் 'டொக்' சத்தம், ஏற்றத்தில் இழுவை இல்லை

#1 நெடுவழி

வணக்கம் நண்பர்களே. ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி. 3 லிட்டர் வி6 டீசல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் ஏர் சஸ்பென்ஷன். வெறும் வண்டியே 2.3 டன் எடை. ஓடியது 1,64,000 கிலோமீட்டர். இன்னொருவரிடமிருந்து வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. அதனால்தான் இப்போது அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மூன்று தொல்லைகள். இரவு நிறுத்திவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் பின்பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் கம்ப்ரசர் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடி மெதுவாகத் தூக்கிவிடும். அடுத்தது, முன்பக்கம் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், பாதத்தில் தெரிகிறது. மூன்றாவதுதான் பெரிய தலைவலி. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் நன்றாக இழுத்துக்கொண்டு போகிற வண்டி, பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி திடீரென்று சோர்ந்துவிடுகிறது. என்ஜின் விளக்கு எரிந்து லிம்ப் மோடுக்கு (என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) போய்விடும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அடுத்த ஏற்றம் வரை. ஸ்கேனரில் வரும் கோடு பி0299.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பக்க ஸ்டெபிலைசர் லிங்கும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. ஈஜிஆர் வால்வை (எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடுவது) கழற்றிக் கழுவினார்கள். நான்கே நாளில் கோடு திரும்பி வந்தது. காற்றுக் குழாய்களில் புகை விட்டுப் பார்த்து எங்கும் கசிவு இல்லை என்றார்கள். ஆகவே டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) இரண்டு, ஏர் கம்ப்ரசர், எல்லாம் மாற்ற வேண்டும் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "மாற்றிப் பார்ப்போம்" என்றார்கள். அந்தப் 'பார்ப்போம்' எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஓபிடி ஸ்கேனர், மல்டிமீட்டர், ஜாக்கி, நல்ல ஸ்டாண்டு இரண்டு கைவசம் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

#2 ஆறாவதுகியர்

பி0299 என்றால் டர்போதான் நண்பரே. எனக்கும் இதே கோடு, இதே சோர்வு. டர்போ மாற்றினேன், சரியாகிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள். டர்போ உடைந்து துண்டு உள்ளே போனால் என்ஜினுக்கே ஆபத்து.

#3 பட்டறைவாசி

தம்பி நெடுவழி, எதையும் வாங்கிவிடாதே. கொஞ்சம் பொறு.

ஆறாவதுகியர் சொல்வது அவர் வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோடு எந்தச் சாமானின் பெயரையும் சொல்வதில்லை. என்ஜின் கேட்ட காற்றழுத்தம் வந்து சேரவில்லை என்கிறது, அவ்வளவுதான். ஹோஸ் கிழிந்தாலும் இதே கோடு வரும். இன்டர்கூலரில் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) விரிசல் விட்டாலும், டர்போவின் ஆக்சுவேட்டர் இறுகினாலும், வேக்குவம் குழாய் பிளந்தாலும், ஈஜிஆர் மூடாமல் நின்றாலும், மேப் சென்சாரில் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) எண்ணெய்க் கரி அப்பியிருந்தாலும் இதேதான். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிந்தாலும் இதே கோடுதான். இத்தனையையும் விலக்கிவிட்டு வந்த பிறகுதான் டர்போ மேல் கை வைக்கலாம்.

உன்னிடம் சில கேள்விகள். பின்பக்கம் இரண்டு மூலையும் இறங்குகிறதா, ஒன்றா? டேப் வைத்து அளந்து சொல். கண்ணால் பார்த்துச் சொல்லாதே. அந்த 'டொக்' குழியில் ஏறி இறங்கும்போது வருகிறதா, இல்லை ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வருகிறதா? நின்ற இடத்தில் கியரை ஆரிலிருந்து (ரிவர்ஸ்) டிக்கு (டிரைவ்) மாற்றினால் வருகிறதா? கோடு விழுந்த நொடியின் ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்கள் என்ன? காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி எத்தனை வோல்ட்?

இந்த நான்குக்கும் பதில் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சத்தம் எப்போது வருகிறது என்பது மட்டும் எனக்கு ரொம்ப முக்கியம்.

#4 சோப்புநுரை

அளப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று, தரைச் சரிவு எல்லாம் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பல வண்டிகளில் நிறுத்தி வைத்த பிறகும் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் எல்லாமே இறங்கியிருக்கும். குற்றவாளி யார் என்று தெரியாது. அதனால் இரவு நிறுத்தியதும் ஏர் சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். அப்போது கசியும் மூலை மட்டும்தான் இறங்கும். ஒரே மூலை என்றால் அங்குள்ள பெல்லோ (ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றடைத்த ரப்பர் பை), அல்லது அதன் குழாய் இணைப்பு. ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் வால்வு பிளாக் (மூலைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புவது) மேல் சந்தேகம் வர வேண்டும்.

பெரிய எச்சரிக்கை: காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். பெல்லோ விட்டுவிட்டால் 2 டன்னும் ஒரே நொடியில் இறங்கும். ஜாக்கி வைக்கும் முன் ஜாக் மோடு (வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்வதை நிறுத்தும் நிலை) போட்டே ஆக வேண்டும். பிறகு சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு.

#5 நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. பட்டறைவாசி அண்ணே, கேட்டதெல்லாம் எடுத்துவிட்டேன்.

ஃப்யூஸ் கழற்றி 11 மணி நேரம் விட்டேன். முன்பக்கம் இரண்டும் அசையவில்லை. பின்பக்கம் வலது 2 மில்லிமீட்டர். பின்பக்கம் இடது 43 மில்லிமீட்டர்! ஒரே மூலைதான்.

சத்தம்: நீங்கள் கேட்கும் வரை நான் கவனிக்கவே இல்லை. குழியில் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று வெறும் சாலையில் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 'டொக்'. நின்ற இடத்தில் ஆரிலிருந்து டிக்கு மாற்றும்போதும் வருகிறது. மோசமான சாலையில் வருவதுகூட, குழிக்கு முன் காலை எடுத்து, தாண்டியதும் மிதிக்கிறேனே, அப்போதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 2400 ஆர்பிஎம், லோடு 94%, மேப் 141 கிலோபாஸ்கல், கேட்டது 215. மாஸ் ஏர் ஃப்ளோ (உள்ளே இழுத்த காற்றின் எடை) விநாடிக்கு 112 கிராம். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 45 டிகிரி.

காலையில் பேட்டரி 12.1 வோல்ட். ஓடும்போது 14.2.

#6 வோல்ட்மீட்டர்

நெடுவழி, அந்த மாஸ் ஏர் ஃப்ளோ எண்ணைக் கொடுத்தீர்களே, அது தங்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். 2400 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 60 லிட்டர். சிலிண்டர் முழுவதும் நிரம்பாது என்று 85% வைத்துக்கொண்டால் 51 லிட்டர். 141 கிலோபாஸ்கல், 45 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.55 கிராம். ஆக என்ஜினுக்குள் போயிருக்க வேண்டியது விநாடிக்கு 79 கிராம்.

ஆனால் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் உள்ள சென்சார் 112 கிராம் போனது என்கிறது. 33 கிராம் எங்கே? 85% என்பது என் உத்தேசம்தான், கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் எப்படிப் பார்த்தாலும் இவ்வளவு வித்தியாசம் வராது. டர்போ காற்றைத் தள்ளியிருக்கிறது, அது என்ஜினை எட்டுவதற்குள் வெளியே போயிருக்கிறது. டர்போவே சோர்ந்திருந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்தே குறைந்திருக்கும். ஈஜிஆர் திறந்து நின்றாலும் புதுக் காற்றின் அளவு கணக்குக்குக் கீழேதான் போகும், மேலே போகாது.

எனவே டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் பெரிய கசிவு. புகைச் சோதனையில் ஏன் தெரியவில்லை என்பதுதான் புரியவில்லை.

சென்சார் மேலேயே சந்தேகம் வந்தால், என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து மேப் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, 1000 மீட்டர் உயரத்தில் 90ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.

12.1 வோல்ட் என்பது பாதி சார்ஜ்தான். முழுசாக இருந்தால் 12.6 காட்டும். அந்தக் கம்ப்ரசர் தினமும் காலையில் பேட்டரியை உறிஞ்சுகிறது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு லோடு டெஸ்ட் செய்யுங்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் ஸ்கேனர் தேவையில்லாத கோடுகளையெல்லாம் காட்டிக் குழப்பும்.

#7 பட்டறைவாசி

வோல்ட்மீட்டர் போட்ட கணக்கைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். நாங்கள் அனுபவத்தில் சொல்வதை அவர் எண்ணில் காட்டிவிட்டார்.

தம்பி, புகையில் ஏன் தெரியவில்லை என்பதற்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மிதித்தால் 'டொக்', விட்டால் 'டொக்' என்றால் அது சஸ்பென்ஷன் சத்தமாக இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் மவுண்டிங், அதாவது என்ஜினைச் சட்டத்தில் தாங்கிப் பிடிக்கும் ரப்பர்.

பெரும்பாலான என்ஜின்கள் முன்னால் நின்று பார்த்தால் வலச்சுற்றாகச் சுழலும். நீளவாக்கில் வைத்த என்ஜினில் டியில் போட்டு மிதித்தால், எதிர்விசையில் என்ஜினின் இடப்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது இடப்பக்க மவுண்டிங். இந்த மாதிரி கனமான டீசலில் மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும். ரப்பர் கிழிந்து திரவம் ஒழுகிவிட்டால் என்ஜின் எழும்பி, விட்டதும் திரும்ப விழும். அந்த அடிதான் 'டொக்'.

இப்படிப் பார். சமதளம், சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக். உள்ளே நம்பிக்கையான ஒருவர் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு உட்காரட்டும். பானட்டைத் திறந்து நீ பக்கவாட்டில் நில். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. டி போட்டு மெல்ல 1200 ஆர்பிஎம் வரை கொடுத்து விடச் சொல். பிறகு ஆர் போட்டு அதே மாதிரி. சில நொடிதான், நீட்டினால் கியர்பாக்ஸ் சூடாகும். என்ஜின் எவ்வளவு அசைகிறது என்று பார். ஒரு சென்டிமீட்டர் அளவு ஆடினால் பரவாயில்லை.

என்ஜின் எழும்பும்போது அதோடு சேர்ந்து எது இழுபடுகிறது என்பதையும் பார். குறிப்பாக இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸ். இன்டர்கூலர் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது, மறுமுனை என்ஜினோடு ஆடுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது அந்த ரப்பர்தான்.

#8 மண்சாலை

அண்ணே சொல்வது சரி, ஆனால் லோயர் ஆர்மையும் விட்டுவிட வேண்டாம். 1,64,000 கிலோமீட்டர் ஓடிய 2.3 டன் வண்டியில் புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர்) புதுசு போல இருக்காது. இரண்டு பக்கமும் முழு ஆர்மாகவே மாற்றிவிட்டால் பத்து வருடம் நிம்மதி.

#9 பட்டறைவாசி

மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை மண்சாலை. பார்த்துவிட்டு மாற்று என்கிறேன். பார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஸ்பிரிங்கின் பாரம் லோயர் ஆர்ம் மேல் இறங்குகிற அமைப்பு என்றால் ஆர்முக்கு அடியிலேயே ஜாக்கி கொடுத்து, சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல் எழும்பும் வரை தூக்கினால் பால் ஜாயின்ட் மேல் பாரம் இருக்காது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்டோ பேரிங்கோ தளர்ந்திருந்தால் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட். பிறகு கடப்பாரையை புஷ் அருகே கொடுத்து மெல்ல நெம்பி, ரப்பர் உலோகத்தைவிட்டு விலகுகிறதா என்று பார்க்கலாம். திரவம் நிரப்பிய புஷ் என்றால் கருப்பாக ஒழுகிய தடம் இருக்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

#10 நெடுவழி

அண்ணே, கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன். கண்டுபிடித்தாகிவிட்டது!

தம்பியை உள்ளே உட்கார வைத்து நீங்கள் சொன்னபடியே செய்தேன். டி போட்டு லேசாகக் கொடுத்ததும் என்ஜினின் இடப்பக்கம் மேலே எழுந்தது. மேல் மூடியின் விளிம்பில் டேப்பைப் பிடித்திருந்தேன்: 27 மில்லிமீட்டர். விட்டதும் கீழே விழுந்தது, 'டொக்'. மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம். இரண்டாவது தடவை அந்தச் சத்தத்தோடு 'புஸ்' என்று ஒரு காற்றும் கேட்டது.

என்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்து இன்டர்கூலர் ஹோஸைப் பார்த்தேன். மேற்புறம் சுத்தம். கையை அடியில் விட்டால் விரலில் கருப்பாக எண்ணெய்ப் பிசுபிசுப்பு. கிளாம்ப்புக்கு இரண்டு விரல் தள்ளி, நெளிவின் உட்பக்கத்தில், ரப்பர் மேல் பேனாவால் கோடு போட்ட மாதிரி ஒரு மெல்லிய வரி. அழுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. ஹோஸைப் பிடித்து என்ஜின் எழும்பும் திசையில் இழுத்தேன். அந்தக் கோடு வாய் திறந்தது. உள்ளே துணி இழைகள் அறுந்து பஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்து சென்டிமீட்டர் நீளம். கையை விட்டதும் மூடிக்கொண்டது. தெரியாதவர் பார்த்தால் நல்ல ஹோஸ் என்றே சொல்வார்.

புகை விட்டபோது என்ஜின் அணைந்து அசையாமல் இருந்தது. வாய் மூடியிருந்தது. எப்படிப் புகை வரும்!

இடப்பக்க மவுண்டிங்கின் அடியில் திரவம் ஒழுகிக் காய்ந்த தடமும் இருக்கிறது.

#11 ஆறாவதுகியர்

நெடுவழி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் பேச்சைக் கேட்டு டர்போ வாங்கியிருந்தால் பெரிய நஷ்டம் ஆகியிருக்கும். என் வண்டியில் டர்போ மாற்றியபோது ஹோஸ்களையும் புதிதாகப் போட்டார்கள். அதில் எது சரிசெய்தது என்று இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. ஹோஸுக்குள் எண்ணெய் இருந்ததைக் காட்டித்தான் டர்போ சீல் போய்விட்டது என்றார்கள்.

#12 பட்டறைவாசி

மன்னிப்பெல்லாம் எதற்கு, நீங்கள் நடந்ததைச் சொன்னீர்கள். ஆனால் அந்த எண்ணெய் விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) காற்றோட்டக் குழாய் வழியாக எண்ணெய் ஆவி டர்போவுக்கு முன்னால் வந்து சேர்கிறது. ஆகவே ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். தேங்கி ஊற்றினால்தான் கவலை. டர்போவைப் பார்க்க வேண்டும் என்றால் இன்டேக் பக்கக் குழாயைக் கழற்றி, தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரியும்படி ஆடவே கூடாது. பக்கவாட்டில் துளி ஆடலாம், இறக்கை உறையில் உரசக் கூடாது.

தம்பி, ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. மவுண்டிங்கை விட்டால் புது ஹோஸும் இதே இடத்தில் கிழியும். வலப்பக்க மவுண்டிங்கும் அதே வயசுதான், இரண்டையும் சேர்த்தே போடு. கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் பார்த்துக்கொள்.

#13 சோப்புநுரை

அருமை! இனி பின்பக்கத்துக்கு வாருங்கள். சோப்புத் தண்ணீர் அடித்தீர்களா?

#14 நெடுவழி

அடித்தேன் நண்பரே, ஒன்றும் வரவில்லை. கை நுழைய இடம் வேண்டுமே என்று வண்டியை அதிக உயரத்துக்கு ஏற்றிவிட்டு, இடது பின் பெல்லோ முழுவதும், மேல் குழாய் இணைப்பு உள்பட, அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. குழம்பிப்போயிருக்கிறேன்.

#15 சோப்புநுரை

உயரத்தில் பார்த்ததால்தான் வரவில்லை. பெல்லோவின் அடிப்பகுதி உள்பக்கம் மடிந்து பிஸ்டன் மேல் உருண்டு இறங்குகிற அமைப்பு அது. பழைய ரப்பரில் விரிசல் விழுவது எப்போதும் நிற்கிற உயரத்தில் மடிப்பு வருகிற இடத்தில்தான். வண்டியை ஏற்றினால் அந்த இடம் மடிப்பைவிட்டு நீண்டு, விரிசல் மூடிக்கொள்ளும். உங்கள் ஹோஸ் செய்த அதே வேலை.

சாதாரண உயரத்துக்கே இறக்குங்கள். அடியில் போகாதீர்கள். சக்கர வளைவு வழியாக நீளமான மூக்குள்ள ஸ்ப்ரேயை விட்டு மடிப்பில் நன்றாக நனையும்படி அடியுங்கள். கைபேசியை ஒரு குச்சியில் கட்டி உள்ளே நீட்டி வீடியோ எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தால் குமிழி உடையாமல் நிற்கும். ஐந்து நிமிடம் பொறுமையாக விடுங்கள். மெல்லிய கசிவு உடனே தெரியாது.

#16 நெடுவழி

வந்துவிட்டது. மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் மடிப்பின் பின்பக்கத்தில் வெள்ளையாகக் கடுகு மாதிரி நுரை கட்டத் தொடங்கியது. பெரிய குமிழி எதுவும் இல்லை. சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு விரல் நீளத்துக்கு வரிசையாக நின்றன. துடைத்தேன். அதே இடத்தில் மறுபடி. வலது பெல்லோவிலும் அதே இடத்தில் ரப்பர் வெடித்த நிலம் மாதிரி இருக்கிறது, நுரை மட்டும் இன்னும் வரவில்லை.

கம்ப்ரசரையும் மாற்ற வேண்டியதுதானா?

#17 வோல்ட்மீட்டர்

கம்ப்ரசரை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். அது ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்ப்ரசரின் கிரவுண்டு ஒயரிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் கிரவுண்டு இணைப்பில் துரு. மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே வீணாகிறது. பிளஸ் பக்கமும் அதே மாதிரி பார்த்துவிடுங்கள். ரிலேயையும் புதிதாகப் போடுங்கள். இவ்வளவு நாள் அதிகமாக ஓடியதில் அதன் முனைகள் கரிந்திருக்கும். ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்தேபோகும்.

அப்புறம் டிரையர். கம்ப்ரசர் இழுக்கும் காற்றின் ஈரத்தை அதிலுள்ள மணிகள் உறிஞ்சும். வண்டி இறங்கும்போது உலர்ந்த காற்று அதே வழியாகத் திரும்பி வெளியேறி மணிகளைக் காய வைக்கும். உங்கள் வண்டியில் காற்று பெல்லோ வழியாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. ஈரம் உள்ளே வந்ததே தவிர, திரும்பிப் போக வழியில்லை. மணிகள் ஊறியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் ஈரம் வால்வு பிளாக்குக்குப் போய் அதையும் கெடுக்கும்.

#18 நெடுவழி

வேலை முடிந்து நான்கு நாள் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

வோல்ட்மீட்டர் அக்கா, கம்ப்ரசர் கிரவுண்டில் 0.8 வோல்ட் காட்டியது! கழற்றினால் வளையம் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினேன், இப்போது 0.1. ரிலேயும் டிரையர் மணிகளும் புதுசு. மணிகள் வெளியே வந்தபோது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன. கம்ப்ரசர் பழையதேதான். முன்பு 70 விநாடி ஓடியது, இப்போது அதே உயரத்துக்கு 25 விநாடி.

பின்பக்கம் இரண்டு பெல்லோவும் மாற்றினேன். காற்று நிரம்பாமல் வண்டியின் எடையைப் புது பெல்லோ மேல் இறக்கினால் மடிப்பு கோணலாக விழுந்து முதல் நாளே கிழிந்துவிடும் என்று படித்திருந்தேன். அதனால் ஸ்டாண்டில் நிற்கும்போதே ஸ்கேனர் வழியாகக் காற்று நிரப்பி, மடிப்பு சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே இறக்கினேன். பிறகு உயரம் காலிபரேட் செய்தேன். நேற்று இரவு 12 மணி நேரத்தில் நான்கு மூலையும் 1 மில்லிமீட்டருக்குள்.

மவுண்டிங்தான் கஷ்டப்படுத்தியது. ஆயில் பேன் மெல்லிய தகடு. நேரே ஜாக்கி வைத்தால் நசுங்கிவிடும். மேலேயிருந்து என்ஜினைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, கொக்கியில் மாட்டி, நூல் நூலாகத் தூக்கினேன். பழைய மவுண்டிங்கை எடுத்துக் கையில் பிடித்தபோது மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கம் கழன்று வந்துவிட்டது. இப்போது டி போட்டுக் கொடுத்தால் என்ஜின் 8 மில்லிமீட்டர்தான் எழும்புகிறது. சத்தம் அறவே இல்லை.

ஹோஸ் புதுசு, கிளாம்ப் புதுசு. அதே ஏற்றம், அதே 2400 ஆர்பிஎம்: மேப் 212, மாஸ் ஏர் ஃப்ளோ 119. கோடு வரவில்லை.

ஒரே ஒரு குறை: முன்பைவிட டீசல் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது. ஏன்?

#19 பட்டறைவாசி

தம்பி, மனசு நிறைந்துவிட்டது. ஆனால் உடனே ஆயில் குச்சியை எடுத்துப் பார். அதிகபட்சக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஓட்டாதே.

காரணம் சொல்கிறேன். மூன்று மாதமாக என்ஜினுக்குக் காற்று போதாமல் புகைக்கரி அதிகம் உண்டாகியிருக்கிறது. அது டிபிஎஃப்பில் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) போய் நிறைந்திருக்கும். அதை எரிக்க என்ஜின் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். நீ நடுவில் அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறாய், ஒரு தடவையும் முழுதாக எரிந்திருக்காது. அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளுக்கு ஆபத்து.

#20 நெடுவழி

அண்ணே, குச்சியில் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு இருந்தது. தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை. விரலில் தண்ணீர் மாதிரி ஓடியது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஓட்டாமல் அப்படியே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். ஸ்கேனரில் கரி அளவு 81% காட்டியது. நெடுஞ்சாலையில் நிற்காமல் 40 நிமிடம் ஓட்டினேன். ஓடும்போதே எரித்து முடித்து 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்தே நிறுத்தினேன், அவ்வளவு சூடு அடியில். அடுத்த ஆயில் மாற்றத்தை 3000 கிலோமீட்டரிலேயே செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மண்சாலை நண்பரே, லோயர் ஆர்மையும் பார்த்தேன். பால் ஜாயின்ட் இரண்டும் இறுக்கம். வலது புஷ் நல்லது. இடது ஆர்மின் பின் புஷ்ஷில் ரப்பர் கால் பங்கு பிளந்திருக்கிறது. நீங்கள் பயந்ததில் ஒன்று உண்மைதான். இடப்பக்கம் மட்டும் மாற்றப்போகிறேன்.

#21 பட்டறைவாசி

மாற்றும்போது ஒன்று மட்டும் மறக்காதே. புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதே. இப்போதே சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் வரை அளந்து எழுதி வைத்துக்கொள். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு டார்க் ரெஞ்ச் போடு. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். புது புஷ்ஷும் சீக்கிரமே கிழிந்துவிடும். முடித்துவிட்டு வீல் அலைன்மென்ட்.

#22 நெடுவழி

எழுதி வைத்துவிட்டேன் அண்ணே. இடது முன்: 462 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வேலை. முடிந்ததும் படத்தோடு வருகிறேன்.